பின்பக்கம் காலி

பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
பின்பக்கம் காலியென்றால் படமெடுக்க வேண்டாம்,
காசும் கிடையாது.
டப்ளினிலிருந்து வந்த விதிமுறையில்
ஏழாவது வரி அது.

காக்ஸ் டவுன் மடத்தில் இப்போது நான்கே கன்னியர்.
நான்கு பேருக்கும் முழங்கால் வலி.
கட்டடம் விலைபோயிற்று. ஆகஸ்டுக்குள்
பதினொரு பெட்டிக் காகிதம் கப்பலேற வேண்டும்.
சாப்பாட்டு அறையின் நீள மேசையில்
என் ஸ்கேனர், என் யு.பி.எஸ்.,
ரசத்துக்கும் நாப்தலினுக்கும் நடுவில் நான்.

ஆறாம் பெட்டி மதர் அட்ராக்டாவுடையது.
'ஜெபமாலைத் தியானங்கள்' என்று தோலட்டை சொல்கிறது.
பிரித்தால் உள்ளே
உழுகிறவனுக்கே நிலம், குத்தகை கொடாதே.
மட்டமான தாள், ஊறிப்போன மசி.
ராமபாணம் துளைத்த துளை
முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை
ஒரே நேராக.

பகலில் பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு
ராஜா நீடூழி வாழப் பாடக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.
சுருதி தவறினால் பிரம்பு.
இரவில் இது.
இரண்டையும் ஒரே கண்ணாடி போட்டுத்தான் வாசித்திருப்பாள்.

தம்பி ஃபின்டன் கார்க் நகரத்தில் கவிஞன்.
அவன் கவிதை அனுப்ப, இவள் திருத்தி அனுப்ப,
நகல் மட்டும் இங்கே.
"மூன்றாம் அடியில் ஒரு நாடே அழுகிறது.
ஒரு ஆள் அழுதால் போதாதா?"
"மறுபடியும் கடல். கடைசியாக
எப்போது கடலைப் பார்த்தாய் நீ?"
சிரித்துவிட்டேன்.
சிஸ்டர் பெனிட்டா குஜூர் எட்டிப் பார்த்தார்.
தூசி, என்றேன்.

வியாழக்கிழமை மழை, கரண்ட் இல்லை.
தோலட்டையில் சேராமல் நாலாய் மடித்திருந்த
அதே துண்டறிக்கையின் ஒற்றைத் தாள் ஒன்றை
ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பினேன்.
பின்பக்கம் தமிழ்.

முக்காடு ௩௰௧
தலையணை உறை ௰௮
கிழிசல் ௨, எங்கள் பொறுப்பல்ல

அந்த எண்கள் எனக்குத் தெரியாது,
போனில் தேடித்தான் கூட்டினேன்.
கீழே சாய்ந்த கையெழுத்தில்:
மூணு மாசப் பாக்கி. தீர்க்குமட்டும்
கன்னியம்மாமார் துணி தண்ணி பாக்காது.
இப்படிக்கு குப்பாயி. எழுதினது லாசர்.

பெயருக்குப் பக்கத்தில் பெருவிரல் ரேகை,
சலவை நீலத்தில்.
நூறு வருஷமாகியும் வெளுக்கவில்லை.

எந்தத் தாளில் எழுதுகிறோமென்று
லாசருக்குத் தெரிந்திருக்குமா?
மடத்துக் குப்பையில் கிடைத்த ஒருபக்கத் தாள்,
அவ்வளவுதானோ.
இல்லை, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரிந்தவனோ.

அடுத்த உறையில் தம்பிக்கு அவள்:
"துணி தண்ணி பார்க்காது என்கிறாள் இங்கே ஒருத்தி.
அர்த்தம் கேட்டு வாங்கினேன்.
மூன்று தரம் சொல்லச் சொன்னேன்.
உன்னிடம் இப்படி ஒரு வரி இருக்கிறதா, ஃபின்டன்?"

பாக்கியைத் தீர்த்தாளா என்று எழுதவில்லை.
கணக்குப் புத்தகம் ஒன்பதாம் பெட்டி.
நேற்று முழுக்கத் தேடினேன்.
அந்த வருஷத்து ஜூலை மட்டும்
ராமபாணத்தின் வயிற்றில்.

அட்டவணையில் 'மொழி'யை அழுத்தினால்
ஆங்கிலம், ஐரிஷ், லத்தீன், பிற.
பிற என்று போட மனசு வரவில்லை.
குறிப்புக் கட்டத்தில் முழுசாக அடித்தேன்,
கிழிசல் உட்பட.
ஆசிரியர்: குப்பாயி.
எழுத்து: லாசர்.
பக்கம் இரண்டு, ரூபாய் நான்கு.

ஏஜென்சிக்காரன் ஏப்ரல் பில்லே இன்னும் தரவில்லை.
இன்று ஜூன் இருபத்தாறு.
மதியம் ஸ்கேனருக்குத் துணி போர்த்திவிட்டு
எழுத ஒரு தாள் கேட்டேன்.
ஒருபக்கத் தாள்தான் இருக்கிறது என்றார் பெனிட்டா.
போதும் என்றேன்.